இங்கு நிறுத்தவும்

பலகை நட்ட அன்றைக்குத்தான் ரஸீனாவுக்கு இந்த ஊரே வெறுத்துப் போனது.

ஊரின் பெயர் வேண்டாம். இங்கே பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் தலவாக்கலை வந்துவிடும், அது போதும். பெயரைச் சொன்னால் மூன்று அலுவலகங்களில் இருந்து மூன்று பேர் வந்து, "அது எங்கள் பக்கம் இல்லை" என்று தனித்தனியாக விளக்கம் சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை ரஸீனாவுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

அவளுடைய கடை பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே. பச்சைக் குழந்தைகளுக்கான சாமான் விற்கிற கடை. சட்டை, தொப்பி, போர்வை, பால் போத்தல். மகள் பிறந்த வருஷம் அவள் பெயரிலேயே திறந்தாள், 'நஸ்லியா பேபி சென்டர்' என்று. வாசலில் வெள்ளைச் சட்டைகளைக் கொளுவி வைத்தால்தான் தேயிலைத் தோட்டத்துச் சனம் திரும்பிப் பார்க்கும். ஆனால் காலையில் வெள்ளையாக ஏறுகிற சட்டை மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். வருகிற பெண்கள் விரலால் ஒரு தடவு தடவி, விரல் நுனியைப் பார்த்து, "உள்ள வேற இருக்குங்களா?" என்று கேட்பார்கள். ரஸீனா சிரித்துக்கொண்டு உள்ளே இருந்து எடுத்துக் கொடுப்பாள். உள்ளுக்குள் பற்றி எரியும்.

எல்லாம் பஸ்ஸின் வேலை. ஓடுகிற பஸ் அல்ல, நிற்கிற பஸ். நிற்கிற பஸ்ஸில் என்ன புகை என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். எங்கள் நிலையத்தில் எந்த பஸ்ஸும் என்ஜினை அணைப்பதில்லை. அரசாங்கத்துச் சிவப்பு பஸ்களுக்கு டிப்போவின் நேரக்காப்பாளர் ஒருவர், அவருக்கு ஒரு கூண்டு, அதில் ஒரு கடிகாரம். தனியார் பஸ்களுக்கு இன்னொருவர், இன்னொரு கூண்டு, இன்னொரு கடிகாரம். இரண்டு கடிகாரமும் பிறந்த நாளில் இருந்து ஒத்துப்போனதில்லை. ஆகவே எந்த பஸ் எப்போது கிளம்பும் என்று கிளம்புகிற வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. மற்றவன் அசைந்தால் நாம் முந்த வேண்டும், முந்துவதற்கு என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற டீசலை விட, சும்மா நின்று உறுமுகிற டீசல்தான் அங்கே அதிகம்.

தனியார் பக்கத்துக் கூண்டில் இருப்பவர் சோலைமலை. ஐம்பதைத் தாண்டியவர், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, காதில் ஒரு பேனை. கெட்ட மனிதர் இல்லை. கடன் கேட்டால் கொடுப்பார், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார். ஆனால் புகை என்று வாயைத் திறந்தால் அவரிடம் ஒரே பதில்தான்.

"அது நம்ம பக்கம் இல்லங்க தங்கச்சி."

"உங்கட பஸ்தானே அண்ணே?"

"பஸ் ஓனருங்களுது. பெர்மிட் மாகாணத்துது. நிலம் நகர சபையோடது. நான் வெறும் டைம் பாக்குறவன்."

நகர சபைக்குப் போனால் பஸ் எங்களுடையது இல்லை என்பார்கள். மாகாணத்தைக் கேட்டால் நிலம் எங்களுடையது இல்லை என்பார்கள். டிப்போவைக் கேட்டால் புகை விடுவது தனியார் பஸ் என்பார்கள். இப்படியே அலைந்ததில் ஒரு சோடி செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

வெறும் சட்டை கறுக்கிற விஷயம் என்றால் ரஸீனா சட்டையைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். நஸ்லியாவுக்கு முட்டு, மூச்சிழுப்பு வியாதி. ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்குத்தான் வருவாள், வேறு எங்கே போவது? வாப்பா ரிஃகான் மரக்கறி லொறியோடு கொழும்புப் பக்கம் போனால் இரண்டு மூன்று நாளைக்கு ஆள் இல்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. கவுன்டருக்குப் பின்னால் துணி மூட்டையில் சாய்ந்துகொண்டு படம் கீறுவாள், பாடம் எழுதுவாள். என்ன கேட்டாலும் "ஒண்டுமில்ல உம்மா" என்பாள்.

டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். நெஞ்சுக்குள் இருந்து மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வரும். அது கேட்டதும் வாயில் அடிக்கிற மருந்துப் பம்பைக் கொடுங்கள், மூச்சு இழுக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் என்று. பம்ப் எப்போதும் ரஸீனாவின் கைப்பைக்குள் இருக்கும். காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பாள். கடையில் ஒரு நாளும் அந்தச் சத்தம் வந்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, பொழுது பட்டதும், இடி விழுந்த மாதிரி திடீரென்று பிள்ளைக்கு மூச்சு அடைக்கும்.

இந்த நிலைமையில்தான் பலகை வந்தது.

நகர சபையில் புதிதாகச் சேர்ந்த அபிவிருத்தி உத்தியோகத்தர் நிரஞ்சன், நிலையத்தின் ஓரத்தில், ரஸீனாவின் கடைக்கு நேர் முன்னால் நின்று நடுவித்தான். பச்சைப் பலகை, மூலையில் ஒரு இலை, மேலே 'காபன் குறைந்த நகரம்' என்று பெரிய எழுத்து. காபன் என்றால் ரஸீனாவுக்கு பில் புத்தகத்துக்குள் வைக்கிற நீலத்தாள்தான் தெரியும். அதைக் குறைத்தால் என்ன, கூட்டினால் என்ன என்று நினைத்தாள். அதன் கீழே மூன்று மொழியில் மூன்று வரி. தமிழ் வரி இதுதான்: 'இங்கு இயந்திர வாகனங்களை நிறுத்தவும்.'

முதலில் வந்தவன் அழகுமுத்து. மேல் தோட்டத்தில் இருந்து நம் ஊர் வழியாகக் கினிகத்தேனை வரைக்கும் ஓடுகிற பஸ்ஸின் டிரைவர். நல்ல பையன், ரஸீனாவின் வாடிக்கைக்காரனும் கூட. இரட்டைக் குழந்தைகள், இரண்டுக்கும் சட்டை இங்கேதான். ஜன்னலால் தலையை நீட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாக வாசித்தான். வாசித்துவிட்டு, பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக் கொண்டுவந்து, புகைக் குழாய் கடை வாசலைப் பார்க்கிற மாதிரி அழகாக நிறுத்தினான்.

"ராத்தா, இனிமே ஸ்டாப் இங்கதானாம். நகர சபையே போர்டு போட்டுட்டாங்க!"

சந்தோஷமாக வேறு சொன்னான். அவனுக்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. சிங்கள வரியில் என்ஜினை அணைக்கச் சொல்லிச் சரியாகத்தான் எழுதியிருந்தது. சிங்கள டிரைவர்களும் வாசித்தார்கள். ஆனால் முன்னால் வரிசை பிடித்துவிட்டதே, இடம் போய்விடுமே என்று அவர்களும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். ஒருவனும் என்ஜினை அணைக்கவில்லை. அதுவரை நிலையம் முழுக்கப் பரவி நின்ற புகை, அன்றையில் இருந்து ஒரே கடை வாசலில் கூட்டம் போட்டது.

ரஸீனா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர சபைக்கு ஏறினாள்.

"தம்பி, நீங்க தமிழ் படிச்ச பிள்ளைதானே?"

நிரஞ்சனின் முகம் ஏற்கெனவே செத்துப்போயிருந்தது. "அக்கா, நான் எழுதிக் குடுத்தது 'வாகன இயந்திரங்களை நிறுத்தவும்'. அச்சடிச்சவங்க ரெண்டு சொல்லையும் இடம் மாத்திட்டாங்க. எனக்கும் நட்ட பிறகுதான் கண்ணுல பட்டிச்சு."

"சரி, பட்டிச்சுதானே. கழட்டுங்களேன்."

"கழட்ட முடியாதுக்கா. பலகை மாகாணத்தோட காபன் திட்டத்துச் சாமான். அதை அறைஞ்சு நட்டிருக்கிற தூண் மின்சார சபையோடது. வாகனம் நிக்கிற இடம்னு ஒரு தடவை அறிவிச்சா, மாத்துறதுக்கு மாகாணத்துல அனுமதி எடுக்கணும்."

"அறிவிக்கல்லியே! பிழையாத்தானே அடிச்சீங்க!"

"பிழையா அடிச்சாலும் அறிவிச்சதுதானாம். நானும் கேட்டேன், இதத்தான் சொன்னாங்க." அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "இந்த ஊர்ல புகையைக் குறைக்கத்தான்கா என்னைய அனுப்பினாங்க. பஸ்ஸு ஒருத்தங்க கையில, நிலம் ஒருத்தங்க கையில, நேரம் ரெண்டு பேர் கையில. நான் எதைப் போய் பிடிக்கிறது?"

திட்டத்தான் வந்தாள். அவனைப் பார்த்தால் திட்டவும் மனம் வரவில்லை. அந்த எரிச்சலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு திரும்பி வந்தாள்.

அந்த வாரமே நஸ்லியாவுக்குப் பெரிதாக வந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கிறாள், பிள்ளை படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினாள். முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை பிடித்து, பிள்ளை கண்ணைத் திறந்த பிறகுதான் ரஸீனாவுக்குக் கால் தரையில் பட்டது.

டொக்டர் கோபமாகவே கேட்டார், சத்தம் தொடங்கியபோதே பம்ப் கொடுக்கச் சொன்னேனே, எங்கே இருந்தீர்கள் என்று.

"சத்தமே வரல்ல டொக்டர். திடீரெண்டுதான் வந்திச்சு."

"இது திடீரென்று வராதும்மா. மத்தியானமே தொடங்கியிருக்கும்."

ரஸீனாவுக்குச் சுர்ரென்று ஏறியது. நாள் முழுக்கக் கைக்கெட்டிய தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது பிள்ளை. பெற்றவளுக்குத் தெரியாதது இந்த மனுஷனுக்குத் தெரியுமாமா? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். டொக்டர் கடைசியாகச் சொன்னதுதான் அவளைச் சாய்த்தது. ஒன்றில் கடையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிள்ளையை அங்கே வைத்திருக்காதீர்கள். இதே மாதிரி இன்னொன்று வந்தால் என்னால் பொறுப்புச் சொல்ல முடியாது.

கடையை எங்கே மாற்றுவது? அதை விட்டால் லொறிச் சம்பளம் மட்டும்தான். ரிஃகானும் போனில் யோசித்து யோசித்து, கடைசியில் சொன்னான், பிள்ளையைக் கினிகத்தேனையில் ரினோஸாவிடம் விடுவோம் என்று. ரினோஸா ரஸீனாவின் தங்கை. நல்லவள், பிள்ளையைக் கண் மாதிரிப் பார்ப்பாள். அடுத்த தவணை தொடங்கும்போது பள்ளிக்கூடமும் அங்கேயே மாற்றலாம். எல்லாம் சரிதான். ஏழு வயதுப் பிள்ளை வேறொரு வீட்டில் போய்த் தூங்கும், அதுதான் சரியில்லை. ரஸீனா அழுதுகொண்டே பையைக் கட்டினாள். நாலு பஸ் என்ஜினை அணைக்காததற்கு என் பிள்ளை ஊரை விட்டுப் போக வேண்டுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

இதற்கிடையில், யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க மாகாணத்தில் இருந்து ஒரு பெரிய ஐயா ஜீப்பில் வந்தார். நிலையத்துக்குள் நுழைய முடியவில்லை. பலகைக்குக் கீழே வரிசை பிடித்த பஸ்கள் பிரதான வீதி வரைக்கும் நீண்டு நின்றன. ஐயா ஜீப்புக்குள்ளேயே மாட்டிக்கொண்டார், ஜீப்பும் என்ஜினை அணைக்கவில்லை. பாதி நாள் புகையைக் குடித்தவர் இறங்கி, இந்த நிலையத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். மூன்று பேர் முன்னால் வந்தார்கள். மூன்று பேரும் அது எங்கள் பக்கம் இல்லை என்றார்கள். ரஸீனா வருஷக்கணக்காகக் கேட்ட பாட்டை ஐயா அன்றைக்கு ஒரே தடவை கேட்டார். அவருக்கே தாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கூட்டம், இன்னொரு கூட்டம், நுவரெலியாவில் பெரிய கூட்டம். கடைசியில் முடிவு வந்தது. இனி நிலத்துக்கும் பஸ்ஸுக்கும் நேரத்துக்கும் ஒரே நிர்வாகம். சிவப்பும் தனியாரும் முறைவைத்து ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் கிளம்ப வேண்டும். டிப்போ நேரக்காப்பாளருக்கு ஓய்வு பெறுகிற வயது, அவர் போய்விட்டார். இரண்டு கூண்டையும் பிடுங்கி ஒரு கூண்டு, ஒரு கடிகாரம், ஒரு ஆள். அந்த ஆள் சோலைமலை. பதவிக்குப் பெயர் நிலையப் பொறுப்பாளர். புதுச் சட்டையும் கொடுத்தார்கள், பையில் பெயர் தைத்தது.

முதல் நாள் காலையில் ரஸீனா எட்டிப் பார்த்தாள். கூண்டு ஒன்றுதான் இருந்தது. சட்டை புதிதாகத்தான் இருந்தது. பஸ்கள் அதே பலகைக்குக் கீழே, அதே வரிசையில், அதே உறுமலோடு நின்றன. அட போங்கப்பா என்றிருந்தது அவளுக்கு. கட்டி வைத்திருந்த நஸ்லியாவின் பையைக் கவுன்டருக்குக் கீழே தள்ளி வைத்தாள். அன்றைக்குப் பின்னேரம் அழகுமுத்துவின் பஸ்ஸில் நஸ்லியா கினிகத்தேனைக்குப் போகிற நாள். அவனே பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டுபோய், ரினோஸாவின் கையில் விடுவதாக ஏற்பாடு.

பின்னேரம் அழகுமுத்து வந்தான். வழக்கம்போலக் குழாயைக் கடைக்குக் காட்டி நிறுத்தினான். புகை நேரே வந்து முகத்தில் அடித்தது. நஸ்லியா மூட்டையில் சாய்ந்து, போகிற சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, படம் கீறிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் ரஸீனாவுக்குள் இத்தனை நாள் கட்டி வைத்தது அறுந்துபோனது. தெருவைக் கடந்து கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே! அந்த என்ஜினை அணைக்கச் சொல்லுங்க!"

சோலைமலை தலையைக் கூடத் தூக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அது நம்ம பக்கம் இல்லங்க தங்..."

பாதியில் நின்றுவிட்டது. தலையைத் தூக்கினார். இடது பக்கம் பார்த்தார். டிப்போக் கூண்டு இருந்த இடத்தில் நான்கு குழி மட்டும் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார், ஒன்றுதான் இருந்தது. குனிந்து, சட்டைப் பையில் தைத்திருந்த தன் பெயரைப் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணே," என்றாள் ரஸீனா. "யார்ட பக்கம் எண்டு சொல்லுங்க. நான் அங்கே போறேன்."

போவதற்கு ஓரிடமும் இல்லை என்று அவருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.  சோலைமலை காதில் இருந்த பேனையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். நேரே போய் பஸ்ஸின் கதவில் தட்டினார். ரஸீனாவும் பின்னாலேயே வந்து கடை வாசலில் நின்றாள்.

"அழகுமுத்து, ஆஃப் பண்ணு."

"என்னண்ணே இது? சிவப்புக்காரன் முந்திருவான்ல?"

"எப்புடிடா முந்துவான்? ரெண்டு பேரையும் அனுப்புறதே இனி நான்தான். ஒன் முறை வரும்போது நானே கூப்புடுறேன். ஆஃப் பண்ணு."

அழகுமுத்து தலையைச் சொறிந்தான். "அண்ணே, செல்ஃப் வேலை செய்யாது. தோட்டத்துல எறக்கத்துல போட்டு, உருட்டித்தான் காலையில எடுக்கிறேன். இங்க சம தரை. அணைச்சா தள்ளணும்ண்ணே."

"தள்ளுவோம்."

"யாரு தள்ளுறது?"

"நான் தள்ளுறேன்டா! ஆஃப் பண்ணுங்கிறேன்ல!"

அழகுமுத்து சாவியைத் திருப்பினான். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. சோலைமலை வரிசை நெடுக நடந்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார், தமிழில் ஒரு தட்டு, சிங்களத்தில் ஒரு தட்டு. ஒன்று அடங்கியது, இன்னொன்று அடங்கியது. கடைசி பஸ்ஸும் அடங்கியபோது நிலையத்தில் இருந்தவர்கள் ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் அப்படியொரு அமைதியை ஒருவரும் கேட்டதில்லை. மேலே பள்ளிவாசல் தகரத்தில் காகம் நடக்கிற சத்தம் கூடக் கேட்டது.

அப்போதுதான் அதுவும் கேட்டது. மெல்லிசாக, இழுத்து இழுத்து, கீ... கீ... என்று.

திரும்பி நடந்து வந்த சோலைமலை கடைக்கு முன்னால் நின்றார். "என்ன தங்கச்சி சத்தம் அது? அடுப்புல கேத்தல் ஏதும் வச்சிட்டு வந்துட்டீங்களா?"

ரஸீனா கடைக்குள் ஓடினாள்.   நஸ்லியா அதே மூட்டையில், அதே மாதிரி சாய்ந்து, கொப்பியில் பஸ் ஒன்று கீறிக்கொண்டிருந்தாள். அவளுடைய நெஞ்சில் இருந்துதான் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ரஸீனா கைப்பையைக் கொட்டி, பம்பை எடுத்து, பிள்ளையின் வாயில் வைத்து அழுத்தினாள். பிறகு முழங்காலில் உட்கார்ந்து நெஞ்சில் காதை வைத்தாள்.

"எப்ப இருந்து மகள் இந்தச் சத்தம் வருது? ஏன் எனக்குச் சொல்லல்ல?"

நஸ்லியா தாயை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இது எப்பவும் வார சத்தம்தானே உம்மா. உங்களுக்குக் கேக்குது எண்டுதான் நினைச்சேன்."

ரஸீனா பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். டொக்டரைப் பற்றி நினைத்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்து வெட்கமாக இருந்தது. கைக்கெட்டிய தூரத்தில், இத்தனை நாளும், ஒவ்வொரு பின்னேரமும். யா அல்லாஹ், ஒவ்வொரு பின்னேரமும் இது கேட்டிருக்க வேண்டும்.

வாசலில் சோலைமலை வந்து நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டது அவருக்கும்.  பலகையைப் பார்த்தார், கீழே தரையைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, முறை வந்துவிட்டது என்று அழகுமுத்துவைக் கூப்பிட்டார்.

"ராத்தா, பிள்ளைய ஏத்தட்டுமா?" என்று அழகுமுத்து ஜன்னலால் கேட்டான்.

கவுன்டருக்குக் கீழே பை கட்டியபடி இருந்தது. விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டிருந்தது. நெஞ்சில் இருந்து காதை எடுக்காமலே ரஸீனா கையை ஆட்டினாள்.

"இண்டைக்கு இல்ல தம்பி. நீங்க போங்க."

சோலைமலை புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டு, பஸ்ஸின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தார். பஸ்ஸுக்குள் நின்றவர்களில் நாலைந்து பேர் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் என்னய்யா கூத்து இது என்று திட்டினார்கள். பஸ் அசைந்து, உருண்டு, வீதிக்கு ஏறி, இறக்கத்தில் இறங்கிய பிறகுதான் என்ஜின் பிடித்தது. சோலைமலை மூச்சு வாங்க நிமிர்ந்தார். அதற்குள் அடுத்த பஸ் உறுமிக்கொண்டு வந்து, பலகையை வாசித்து, கடை வாசலுக்கு ரிவர்ஸ் எடுத்தது.

"டேய்! அணைடா!" என்று கத்திக்கொண்டு அவர் கையைத் தூக்கியபடி ஓடினார். "எவன்டா அது? இது என் பக்கம்டா!"